கத்தி வைக்குமுன் கிரெய்னைப் பார்

அன்புள்ள முரளி,

இங்கே எல்லாரும் நலம். நீ அட்டையில் வெட்டி ஒட்டிச் செய்யும் விமான மாடலின் படத்தைப் பார்த்த கையோடு எழுதுகிறேன். இரண்டாவது தாளில் நீ கத்தி வைக்குமுன் இது வந்து சேர வேண்டும்.

உடல் குழாயின் ஒட்டுவாய், அதாவது அட்டையின் இரு ஓரமும் சேரும் கோடு, நெடுக அலை அலையாக நெளிந்திருக்கிறதே, அதற்கு ஃபெவிகாலைத் திட்டாதே. ரவி பேச்சைக் கேட்டுப் பசையை மாற்றவும் செய்யாதே. அவனுக்கு எல்லாவற்றுக்கும் பசைதான் குற்றவாளி! கோளாறு அட்டையின் கிரெய்னில், அதாவது நார் ஓடும் திசையில். தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நாரின் குறுக்குவாக்கில்தான் தாள் அதிகம் உப்பும். உன் குழாயில் நார் சுற்றுவாக்கில் போகிறது. அதனால் ஒட்டுவாய் நீளவாட்டில் உப்பி, போக இடமில்லாமல் நெளிந்துவிட்டது. நார் குழாயின் நீளத்தோடு ஓடினால் அட்டை சொன்னபடி சுருளும், ஒட்டுவாயும் நேராக நிற்கும்.

சோதிப்பது சுலபம். அட்டையை மடிப்பு விழாமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுதான் நாரின் திசை. பெரிய ஷீட்டை ஏ4 ஆக வெட்டித் தரும் கடையில் இரு திசையும் கலந்து வரலாம். ஒவ்வொரு தாளையும் பார்த்துப் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிடு. பாகம் நாருக்குத் தப்பான வாக்கில் விழுந்தால், கணினியில் அதை மட்டும் திருப்பிவைத்து அச்செடு.

வெளித்தோலுக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். சக்கரக் கால் போன்ற மெல்லிய குழாய்களுக்கு 80 ஜிஎஸ்எம் தாள்தான். கனமான அட்டை அங்கே உடைந்துவிடும். ஒட்டுமுன் ரப்பர் மேட்டில் வைத்து, முதலில் தடித்த குச்சி, பிறகு மெல்லிய குச்சி என்று உருட்டிச் சுருளவை. பசையைப் பல்குத்தியால் படலமாகத் தடவி, பளபளப்பு மங்கத் தொடங்கியதும் அழுத்து. மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த ரீஃபிலால் கீறிவிட்டுத்தான் பாகத்தை வெட்ட வேண்டும். வெட்டியபின் தெரியும் வெள்ளை ஓரத்துக்கு, ஒட்டுவதற்கு முன்பே கலர் பென்சில்.

குழாயின் வடிவம் நிற்க உள்ளே வைக்கும் வட்ட அட்டைத் தகடு துளி பெரிதானாலும் தோல், எலும்பு துருத்திய மாடு போலாகிவிடும். கோட்டுக்கு உட்புறமாக வெட்டி, 220 உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்திப் பார். தகடு தன் எடையில் நழுவி உள்ளே போக வேண்டும், திணிக்கக் கூடாது.

ஒரு கவலை. போலந்துக்காரர்களின் 1:33 வரைபடத்தை (நிஜ விமானத்தில் 33இல் ஒரு பங்கு அளவு) 1:48 ஆகச் சுருக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அச்சில் 68.75% வைத்தால் படம் சுருங்கும், அட்டையின் தடிமன் சுருங்காது. 1 மி.மீ. அட்டைக்காக வரைந்த காடி (ஒரு அட்டையில் இன்னொன்றைச் செருகும் வெட்டு) 0.7 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு காடியையும் அகலப்படுத்த வேண்டும், அல்லது 0.7 மி.மீ. அட்டை தேட வேண்டும். முதல் மாடலுக்கு இந்தத் தலைவலி வேண்டாமடா. 1:33லேயே செய். அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை நீக்கி 100% வை. தாளிலுள்ள அளவுக்கோட்டை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கங்களை எடு.

மூக்குக் கூம்பைத் தொடாதே, அதற்குத் தனியாக எழுதுகிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சேகர்