பிள்ளைகளைக் குதிக்காலில் நடக்கச் சொல்லுங்கள்

திருக்கோணமலை மாவட்டச் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், அவர்களோடு பாடசாலைகளுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளைப் பார்க்க நீங்கள் வரும்போது உயரம், நிறை, பல், கண், காது என்று ஓய்வில்லாமல் வேலை நடக்கிறது. அந்த அவசரத்துக்குள்ளும் இன்னொரு நிமிடம் கேட்டுத்தான் இந்த மடல். பிள்ளையின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொல்லுங்கள். முன்பாதம் நிலத்தில் படாமல் குதிக்காலால் மட்டும் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியாத பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதத்தைத் தூக்கும் தசைகளைப் பலவீனமாக்கும் பரம்பரை நரம்பு நோய் ஒன்றின் அடையாளமாக அது இருக்கலாம்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். எங்களிடம் ஒரு மாணவன் படித்தான். இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் ஒளிந்துகொள்வான். மாடிப்படியில் தடுக்கி விழுவான். "காலைத் தூக்கி நட" என்று ஏச்சு வாங்காத நாளில்லை. அவனுடைய சப்பாத்து இரண்டிலும் விரல்நுனிப் பக்கம் தேய்ந்து நூல் தெரிந்தது. உப்புவெளிக் கடற்கரைக்கு வகுப்போடு போனபோது ஈரமணலில் அவன் தடத்தைப் பார்த்தேன். குதியும் முன்பாதமும் ஆழப் பதிந்திருந்தன, நடுவில் மணல் கலையவே இல்லை. பாத வளைவு அவ்வளவு உயரம். பல வைத்தியர்களைத் தாண்டிய பிறகே நோயின் பெயர் தெரிந்தது: சார்கோ-மரி-டூத். கூடப் போன தகப்பனுக்கும் அதே பாதம். அது தங்கள் பரம்பரைக் கால் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். ஒரு வகையில் அவர் நினைத்தது சரிதான்.

1886இல் பாரிசில் சார்கோவும் மரியும், இங்கிலாந்தில் டூத்தும் விவரித்த நோய் இது. இதன் மிகப் பொதுவான வகையில் கெடுவது நரம்பின் உறை. மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே ஓடும் நரம்புகளுக்கு மயலின் என்ற அந்தக் காப்புறையைப் போர்த்துபவை சுவான் கலங்கள். இவற்றின் முன்னோடிக் கலங்கள் கருவின் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, வளரும் நரம்பிழைகளோடு கூடவே கைகால்களுக்குள் இறங்குகின்றன. பிறகு தடித்த இழைகளைத் தனித்தனியே பிரித்து, இழையின் ஒரு துண்டுக்கு ஒரு கலமாக நின்று, தம் சவ்வையே சுற்றிச் சுற்றிப் போர்த்துகின்றன. எத்தனை சுற்று என்பதைக் கலம் தன்னிச்சையாக முடிவு செய்வதில்லை. இழையின் மேலுள்ள நியூரெகுலின் என்ற புரதத்தின் அளவே அதைத் தீர்மானிக்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு. மாணவர்களுக்கோ பரீட்சைக்கு வராத விடயம். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே உறையில்லாத இரன்வியர் கணுக்களில் தாவித் தாவிச் செல்வதால்தான் கணத்தாக்கம், அதாவது நரம்பில் ஓடும் மின்செய்தி, செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது.

17ஆம் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளமான துண்டு ஒன்று இருமடியாவதே இந்நோயின் மிகப் பொதுவான வகைக்குக் காரணம் என்று 1991இல் கண்டார்கள். மயலின் உறையின் புரதம் ஒன்றுக்கான பி.எம்.பி.22 என்ற பரம்பரையலகு அந்தத் துண்டுக்குள் இருக்கிறது. இரண்டு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. கறிக்கு உப்பைப் போல, இது குறைந்தாலும் கேடுதான்: ஒரே பிரதி உள்ளவருக்குச் சற்று அழுத்தம் பட்டாலே கையோ காலோ மரத்துச் செயலிழக்கும். மூன்று பிரதி உள்ள பிள்ளையின் நரம்பில் வேகம் 20 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நடை கெடுவதற்கு முன்பே, சிறு வயதிலேயே, நரம்புக் கடத்தல் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

குணப்படுத்த மருந்தில்லாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். கணுக்காலைத் தாங்கும் பட்டை, பொருத்தமான சப்பாத்து, பிசியோதெரபி ஆகியவை விழுவதைக் குறைக்கும், பாதம் இறுகிப்போவதைத் தள்ளிவைக்கும். உணர்ச்சி குறைந்த பாதத்தோடு கோணேசர் கோயில் கற்தரையில் நண்பகலில் நடக்கும் பிள்ளையை எச்சரிக்கவும் முடியும். இன்னொன்று பாரதூரமானது. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டீன், இரத்தப் புற்றுநோய்க்கு அருமையான மருந்து. இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது கால்களை மிக வேகமாக முடக்கிவிடலாம். நோய் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் வைத்தியர் யோசிப்பார். விற்றமின் சி மாத்திரை எலிகளில் பலன் தந்து, மனிதரில் சோதித்தபோது தோற்றுப்போனது. அதை நம்பிக் காசைக் கரைக்கும் பெற்றோரிடம் இதையும் சொல்ல வேண்டும்.

இங்கே இரண்டு தவறான பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, மச்சானைக் கட்டியதால் வந்த வினை என்று தாயைக் குறை சொல்வது. நான் மேலே சொன்ன வகைக்கும் சொந்தத்துக்குள் கலியாணம் செய்வதற்கும் தொடர்பே இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஜி.டி.ஏ.பி.1 போன்ற வேறு சில பரம்பரையலகுகளால் வரும் வகைகளுக்கே உறவுத் திருமணம் பொருட்படுத்த வேண்டிய சங்கதி. எந்த வீட்டுக்கு எந்த விதி என்று பரம்பரையலகைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மற்றது, இதைத் தொழுநோய் என்பது. கொக்கிபோல் மடங்கிய விரலும் தடித்த நரம்பும் கண்டால் நீங்கள் அதை முதலில் சந்தேகிப்பது முற்றிலும் சரி. தொழுநோய்க் கிருமி குடியிருப்பதும் இதே சுவான் கலத்துக்குள்தான், அதற்கு மருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் உணர்ச்சியற்ற தோல்திட்டு எதுவும் இல்லாமல், இரண்டு கால்களும் ஒரேபோலப் பலவீனமாகி, வீட்டில் இன்னொருவருக்கும் அப்படி இருந்தால், அடுத்த கேள்வியையும் கேளுங்கள். வெறும் சந்தேகமே ஒரு குடும்பத்தை ஊருக்குள் தலைகுனிய வைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இந்நோய் 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது 1974இல் நோர்வேயில் வந்த கணக்கு. நம் மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி மூன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல் மக்கள். நோர்வேயின் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். பொருத்தினால் 150 பேர் வரை வருகிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இவர்களில் சிலருக்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைத்திருக்கும்.

அடுத்த பரிசோதனைக்கு நீங்கள் வரும்போது எங்கள் மண்டபத்தில் பத்தடி இடம் ஒதுக்கிவைக்கிறோம். பெயர் குறித்த பிள்ளையை நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்பும் கடிதத்தில், பெற்றோர் இருவரும் கூடவே வர வேண்டும், அவர்களுடைய பாதங்களையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருக்கோணமலை