எஞ்சினுக்குள் கிடந்த போல்ட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் முப்பது ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு சிறிய பெட்ரோல் காரில் கண்டதை, கார் வைத்திருப்பவர்களும் என் தொழிலில் இருப்பவர்களும் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்த வண்டியில், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடுமாம். ஆயில் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜை வைத்துப் பார்க்காமலேயே, எஞ்சினுக்குள் ஆயிலைச் செலுத்தும் ஆயில் பம்ப் போய்விட்டது என்று ஒருவர் சொல்ல, வண்டிக்காரர் புது பம்ப்பைக் கையோடு வாங்கி வந்திருந்தார். இந்த எஞ்சினில் பம்ப், எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் இருப்பதால், அதை எடுக்க டைமிங் பெல்ட், கிராங்க் புல்லி, ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள கம்பி வலை) எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும்.

சம்ப்பை இறக்கியதும் திடுக்கிட்டேன். ஆயில் கசியாமலிருக்க மூடிகளின் விளிம்பில் தடவும் சிலிக்கான் பசை, நாடா நாடாவாகச் சுருண்டு ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் அப்பிக் கிடந்தது. அடியில் படிந்திருந்த கசடைத் துழாவியபோது பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று, ஒரு வாஷர், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் குழாயின் நொறுங்கிய பிளாஸ்டிக் துண்டுகள் மூன்று கைக்கு வந்தன. போல்ட் எங்கிருந்து கழன்றது என்று ஒவ்வோர் இடமாக எண்ணிப் பார்த்தேன்; எஞ்சினில் ஒன்றும் குறையவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதியை) இறக்கி வேலை பார்த்ததாக உரிமையாளர் சொன்னார். அப்போது உள்ளே விழுந்த போல்ட்டைத் தேடி எடுக்காமல், வேறொன்றைப் போட்டு மூடியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆயில் ஃபில்டர் பம்ப்புக்கு அடுத்துத்தான் வருகிறது. பம்ப்புக்கு முன்னால் காவல் இருப்பது அந்தக் கம்பி வலை ஒன்றே. வலை அடைபட்டிருந்தால் எவ்வளவு நல்ல பம்ப்பாக இருந்தாலும் ஆயிலை உறிஞ்ச முடியாது. பிறகு ஆயில் போதாமல், கிராங்க்கின் மேல் பொருந்தியிருக்கும் பிக் எண்ட் பேரிங்கும் கிராங்க்கும் தேயும். பழைய பம்ப்பைப் பிரித்தபோது அதன் கியர்களிலும் மூடியிலும் கீறல்கள் இருந்ததால் மாற்றியது சரிதான். ஆனால் வலையையும் சம்ப்பையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவாமல் மாற்றியிருந்தால் புதியதற்கும் அதே கதிதான். பசையைப் பொறுத்தவரை நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: வெளியே பிதுங்குவதை விரலால் வழித்தெடுக்கிறோம், உள்ளேயும் அதே போலப் பிதுங்கும் என்பதை மறந்துவிடுகிறோம். மெல்லிய கோடாக இழுத்தாலே போதும்.

ஐ.டி.ஐ. முடித்து வரும் தம்பிகள் கைவேகத்தில் சளைத்தவர்கள் அல்லர். கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் வரிசையாக வைத்து, மூடுமுன் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே அவர்களுக்கு ஏற்படுத்துவது பட்டறை உரிமையாளர்களாகிய எங்கள் பொறுப்பு. எஞ்சின் ஆயிலில்லாமல் ஓடாதிருக்க, புது பம்ப்பில் ஆயில் நிரப்பிப் பொருத்துவதும், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுவதும் சில நிமிட வேலைதான்.

வாடிக்கையாளர்களும் பம்ப்புக்குப் பணம் கொடுக்குமுன் கேஜ் வைத்து அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும், என்னென்ன பிரிக்கப்பட்டது என்று எழுதிய பில்லையும் கேட்டு வாங்க வேண்டும். செய்த வேலைக்குப் பில் தராததை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகச் செயல் என்றே சொல்கிறது. இந்த வண்டிக்காரரிடம் ஹெட் வேலைக்கான ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால், அவரால் யாரையும் கேள்வி கேட்க முடியவில்லை.

பழைய பம்ப்பையும், அந்தப் போல்ட், வாஷர், பசைச் சுருள்களையும் ஓர் உறையில் போட்டு, பில்லிலும் குறித்து அவரிடமே ஒப்படைத்தேன். இப்போது எஞ்சின் சூடாக ஐடிலிங்கில் நின்றாலும் விளக்கு எரிவதில்லை.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
திருச்சி.