பேக்கப் என்று சொல்லி விற்ற சேமிப்புத் திட்டம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
புத்தகப் பக்க வடிவமைப்பாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 5.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு.

நாள்: 9.12.2025

பொருள்: 61 புத்தகங்களின் கோப்புகள் அழிந்தது; திட்டத்தை விற்கும்போது தவறான தகவல் தந்தது.

ஐயா / அம்மா,

நவம்பர் 28 அன்று உங்கள் உதவிப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு பதில் வந்தது. கோப்புகளைப் பயனரே நீக்கியிருக்கிறார், 30 நாள் கடந்துவிட்டது, மீட்க இயலாது, பொறுமைக்கு நன்றி என்று நான்கு வரி. அதற்குக் கீழே, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. அந்த நான்கு வரியோடு விஷயம் முடியவில்லை என்பதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

பதிப்பகங்களுக்குத் தமிழ்ப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, பிழை திருத்தி, அச்சுக்கு அனுப்புவது என் தொழில். 1999இல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தொடங்கினேன், இப்போது இன்டிசைன். இத்தனை வருட வேலையும் சேர்ந்து 180 ஜிபிதான். எழுத்துக் கோப்புக்கு அவ்வளவு இடம் தேவைப்படாது. 2023 செப்டம்பரில் என் பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் பயந்துபோய் உங்கள் தளத்துக்கு வந்தேன்.

அங்கே இரண்டு திட்டங்கள் இருந்தன. வருடத்துக்கு 6,500 ரூபாயில் 2 டிபி கிளவுட் சேமிப்பு ஒன்று. 7,900 ரூபாயில் கணினி பேக்கப் இன்னொன்று. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. அதனால் உங்கள் சாட்டில் கேட்டேன். என் கேள்வி இது: "பழைய புத்தகக் கோப்புகள் தொலையாமல் இருக்கவேண்டும், வேறு எதுவும் வேண்டாம். எதை வாங்குவது?" உங்கள் பிரதிநிதியின் பதில்: "ரெண்டுமே சேஃப்தான் மேடம். சேமிப்புத் திட்டத்திலேயே பேக்கப் வந்துடும். உங்களுக்கு அந்த 1,400 ரூபா கூடுதலா தேவைப்படாது." அவர் என் காசை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாரே என்று அன்று சந்தோஷப்பட்டேன். அந்த சாட்டின் ஸ்கிரீன்ஷாட் இணைப்பில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 19 அன்று என் உதவியாளர் தம்பி, அவர் கணினியில் இடம் இல்லை என்று பார்த்தார். அது 256 ஜிபி எஸ்எஸ்டி, சிவப்புக் கோடு வந்துவிட்டது. "அக்கா, 2009லிருந்து 2014 வரைக்கும் உள்ளது கிளவுட்லதானே இருக்கு, இங்கேர்ந்து எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். நானும் சரி என்றேன். அவர் அந்தக் கோப்புறையை டிலீட் செய்தார். ஏதோ ஒரு சின்னப் பெட்டி ஆங்கிலத்தில் வந்ததாகவும், ஓகே கொடுத்ததாகவும் சொல்கிறார். அந்தப் பெட்டியை நீங்கள் காட்டினீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர் அழித்ததும் உங்கள் சர்வரில் அழிந்தது, பிறகு என் கணினியிலும் அழிந்தது. குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடந்து, செப்டம்பர் 18 அன்று அங்கிருந்தும் போய்விட்டது. பழைய புத்தகங்களை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? மறுபதிப்புக் கேட்டால்தான் திறப்போம். ஜனவரி புத்தகக் காட்சிக்கு ஒரு பதிப்பாளர் மறுபதிப்புக் கேட்டது நவம்பர் 24 அன்று. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு உட்கார்ந்து சேமிப்புக்கும் பேக்கப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்தேன். வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பிரதிநிதிக்கும் பயன்படலாம் என்பதால் எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கரும்பலகையை வாத்தியார் அழித்ததும் எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் தானாக அழிந்துபோனால் அது சிங்க், அதாவது ஒத்திசைவு. வாத்தியார் அழித்த பிறகும் நோட்டில் இருந்தால் அது பேக்கப். நீங்கள் எனக்கு விற்றது முதலாவது. அதில் நல்லது எவ்வளவு வேகமாக எல்லாக் கணினிக்கும் போகிறதோ, கெட்டதும் அதே வேகத்தில் போகும். தவறாக அழித்தாலும், ஒரு கோப்பு உள்ளே கெட்டுப்போனாலும், வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவைத்தாலும் அந்த மாற்றத்தையும் ஒத்திசைத்துத் தந்துவிடும்.

திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, இதே பேட்டையில் வாழ்ந்த உ.வே.சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே நூலுக்கு ஊர் ஊராகப் போய்ப் பல சுவடிகளைத் தேடினார். ஒரு வீட்டில் கறையான் தின்ற ஏடு இன்னொரு வீட்டில் முழுதாகக் கிடைத்தது. அந்தச் சுவடிகளை யாரும் ஒத்திசைத்து வைத்திருக்கவில்லை, நாம் பிழைத்தோம்.

இந்தக் குழப்பம் உங்கள் கம்பெனிக்கு மட்டும் உரியது என்று சொல்லமாட்டேன். 2017இல் கூகுளே தன் கணினிச் செயலிக்கு 'பேக்கப் அண்ட் சிங்க்' என்று இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தது. 2021இல் அந்தப் பெயர் போய்விட்டது. நாள் கணக்கும் ஒவ்வோர் இடத்தில் ஒரு மாதிரி. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள். டிராப்பாக்ஸின் சாதாரணத் திட்டத்தில் 30 நாள், தொழிலுக்கான சில திட்டங்களில் 180 நாள். பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம், கணினியில் அழித்ததை ஒரு வருடம் வரை வைத்திருக்கிறது. சரி, ஒவ்வொருவருக்கும் ஒரு விதி இருக்கட்டும். விதி என்ன என்று கேட்கிறவரிடம் விற்கும்போது அதைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஒரு வருட வரலாறு கூடத் தேவைப்பட்டிருக்காது. ஆகஸ்ட் 19க்கும் நவம்பர் 24க்கும் நடுவே 97 நாள். 1,400 ரூபாய் கூடுதலான அந்த பேக்கப் திட்டத்தில் நீங்கள் தருவது 365 நாள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நவம்பர் 28ஆம் தேதி பதிலுக்கு அடுத்த நாள் உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து இன்னொரு மெயில் வந்தது. அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "சேமிப்புச் சேவை பேக்கப்புக்கு மாற்றாகாது. உங்கள் கோப்புகளைப் பாதுகாக்க எங்கள் பேக்கப் திட்டத்துக்கு 20% தள்ளுபடியில் மாறுங்கள்." ஆக, உங்களுக்கு வித்தியாசம் தெரிந்தே இருக்கிறது. 2023இல் நான் கையில் காசோடு நின்று கேட்டபோது இரண்டும் ஒன்று. 61 புத்தகம் போன பிறகு இரண்டும் வேறு.

அப்புறம் உங்கள் தமிழ்ப் பக்கம். பிழை திருத்துவது என் பிழைப்பு, அதனால் கண்ணில் படாமல் போகாது. சேமிப்புத் திட்டத்தின் செயலியில் ஒரு பொத்தான் இருக்கிறது, "காப்புப் பிரதியை இயக்கு" என்று. அதை அழுத்தினால் நடப்பது சிங்க் மட்டும்தான். பிரதி என்றால் மூலம் போனாலும் அது நிற்கவேண்டும். மூலத்தோடு சேர்ந்து சாகிற ஒன்றை எந்தத் தமிழில் பிரதி என்பது? பொத்தானுக்குக் கீழே, படிக்கவே முடியாத வெளிர்ச் சாம்பலில், ஆறு பாயிண்ட் அளவில் "கோப்புறைகள் எல்லாச் சாதனங்களிலும் ஒத்திசைக்கப்படும்" என்று ஒரு வரி. என் பதிப்பாளர் யாராவது அடிக்குறிப்பை இந்த அளவில் வைக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

செப்டம்பர் மாதத்தில் உங்களிடமிருந்து எனக்கு வந்த மெயில்களை எண்ணிப் பார்த்தேன். சந்தா 21ஆம் தேதி முடிகிறது, புதுப்பியுங்கள் என்று ஐந்து. "உங்கள் கணக்கிலிருந்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கோப்புகள் நீக்கப்பட்டுள்ளன, 18ஆம் தேதிக்குப் பிறகு கிடைக்காது" என்று ஒன்றுகூட இல்லை. இது செய்யமுடியாத காரியம் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ், நிறையக் கோப்புகள் மொத்தமாக நீக்கப்பட்டால் பயனருக்குத் தகவல் அனுப்புகிறது. கோப்புகள் போய் மூன்றாம் நாள் நான் மறுபடி 6,500 ரூபாய் கட்டினேன். வாங்கிக்கொண்டு ரசீதும் அனுப்பினீர்கள்.

என்ன போயிற்று என்பதற்கு ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன் ஊர்ப் பக்கத்து ஏரிகளைப் பற்றி எழுதியது, 312 பக்கம், 2012இல் வந்தது. மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்), வரத்துக்கால் (ஏரிக்கு நீர் வரும் கால்வாய்) என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்வார். மூன்று ப்ரூஃப் போன பிறகும், அச்சுக்குப் பிளேட் போடும் நாள் காலையில் பேருந்து பிடித்து வந்து "கலிங்கு இல்லம்மா, எங்க ஊர்ல கலங்கல்தான்" என்று இருபது இடங்களில் மாற்ற வைத்தார். அவருடைய கையெழுத்துப் படியில் அந்தத் திருத்தங்கள் கிடையாது. அவை இருந்தது அந்த இன்டிசைன் கோப்பில் மட்டும். 2019இல் அவர் காலமாகிவிட்டார்.

வேறு எங்கும் தேடவில்லையா என்று கேட்பீர்கள். அச்சகத்தில் கேட்டோம், கணினி மாற்றியபோது பழையதை விட்டுவிட்டார்களாம். பதிப்பாளரிடம் நான் கொடுத்த சிடி இருந்தது. சிடி டிரைவ் உள்ள கணினியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டால், சுற்றுகிறது, சுற்றுகிறது, திறக்கவில்லை. அந்தக் கரகர ஹார்ட் டிஸ்க்? "இனி ஹார்ட் டிஸ்க்குக்கு விடை கொடுங்கள்" என்ற உங்கள் விளம்பர வாசகத்தை நம்பி விடை கொடுத்துவிட்டேன். மகள் அதை ஃபார்மேட் செய்து படம் பார்க்க வைத்துக்கொண்டிருக்கிறாள். வெவ்வேறு பதிப்பாளர்களிடம் அலைந்து 61இல் 38 புத்தகத்துக்கு அச்சு பிடிஎஃப்பாவது கிடைத்தது. 23க்கு ஒன்றும் இல்லை. ஏரிப் புத்தகம் அந்த 23இல் ஒன்று.

அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிப் பார்த்தோம். துணைக்கால் எல்லாம் 'ர' ஆகி வருகிறது, 'ர' எல்லாம் துணைக்காலாகி வருகிறது. கால்வாயைப் பற்றியும் பேசும் புத்தகத்தில் கால் இருக்கவேண்டிய இடத்தில் கால் இல்லை. கடைசியில் புதிதாகத் தட்டச்சு செய்கிறோம். பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 9,360 ரூபாய், மெய்ப்புப் பார்ப்பது தனி. புத்தகக் காட்சிக்கு வராது என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

அண்மையில் தென்கொரியாவில் நடந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். செப்டம்பர் 26 அன்று தேஜானில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் 858 டிபியோடு எரிந்துபோயிற்று. வேலைக் கோப்புகளைத் தங்கள் கணினியில் வைக்காமல் அதில் வையுங்கள் என்று அரசே சொல்லியிருந்தது. வெளியே பிரதி இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே சேமிப்பு வேறு, பேக்கப் வேறு என்பது தெரியாமல் போகிறபோது, திருவல்லிக்கேணி மாடியறையில் இரண்டு கணினி வைத்திருப்பவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். தெரியாததால்தானே கேட்டேன்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில், 30 நாள் கழிந்தது என்பதை வைத்துக் கணினி தானாகத் தரும் பதில் வேண்டாம். உங்கள் சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர் ஒருவர் என் கணக்கைப் பார்த்து, ஆகஸ்ட் 19க்கு முந்தைய நிலை உங்கள் உள்பிரதிகள் எதிலாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடி, இருக்கிறது அல்லது இல்லை என்று எழுத்தில் தரவேண்டும். இருந்துவிட்டால் இந்தக் கடிதத்தின் மீதிப் பாதியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இல்லையென்றால், மூன்று வருடச் சந்தா 19,500 ரூபாயையும், ஏரிப் புத்தகத் தட்டச்சுச் செலவு 9,360 ரூபாயையும் தரவேண்டும். மற்ற 22 புத்தகங்களுக்கு நான் காசு கேட்கவில்லை. அவற்றுக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தமிழ்ப் பொத்தானில் இருக்கும் "காப்புப் பிரதி"யை எடுத்துவிட்டு "ஒத்திசைவு" என்று போடுங்கள். பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், "இங்கே அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், 30 நாளுக்குப் பிறகு கிடைக்காது" என்று ஒரு வரி சேருங்கள். வாசகம் எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், இலவசமாக.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் நீங்கள் கடமைப்பட்டவர்கள். தொழிலுக்கு வாங்கியதால் நான் நுகர்வோர் அல்ல என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துகிறவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து விவரம் கேட்டுவைத்திருக்கிறேன். ஆனாலும் முதலில் உங்களிடம் வருகிறேன்.

பதில் தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள். தமிழில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
2023 முதல் உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: 2023 செப்டம்பர் சாட்டின் ஸ்கிரீன்ஷாட், நவம்பர் 28, 29 மெயில்கள், மூன்று ரசீதுகள், பொத்தானின் படம் (பெரிதாக்கப்பட்டது).