கொலை வழக்கை விசாரிக்கும் ஆய்வாளர்களுக்கு: அந்தச் சட்டையை பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு காவல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். சாட்சிகள் பிறழ்ந்துபோன வழக்கில் கடைசியில் மிஞ்சுவது பல நேரம் ரத்தக்கறை படிந்த ஒரு சட்டையும் லுங்கியும்தான். அதுவும் ‘ரத்தம் சிதைந்துவிட்டது, வகை கண்டறிய இயலவில்லை’ என்ற ஆய்வக அறிக்கையோடு திரும்பினால் அரசு வழக்கறிஞர் எதை வைத்து வாதாடுவார்?

ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஊர் வெக்கைக்கு உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடித்து, டிஎன்ஏ கெட்டுப்போகும். வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஒவ்வொரு துணிக்கும் தனிக் காகிதப் பை. மடிக்கும்போது இடையில் வெள்ளைத்தாள் வையுங்கள். முன்பக்கக் கறை பின்பக்கம் ஒட்டிக்கொண்டால், தெறித்த துளியா, அப்பிய கறையா என்பதே குழம்பிவிடும். பாதி வழக்கு அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. குத்துப்பட்டவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர் சட்டையிலும் அதே ரத்தம்தானே இருக்கும்?

இறந்தவரின் உடையும் முக்கியம். அவசர சிகிச்சைப் பிரிவில் கத்தி இறங்கிய கிழிசல் வழியாகவே கத்தரித்துவிடக்கூடும். உயிர் காக்கும் அவசரம், குறை சொல்ல முடியாது. ஆனால் கிழிசலை விட்டுத் தள்ளிக் கத்தரிக்கும்படி மருத்துவமனையில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

லண்டனில் 1993-ல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். ஒரு ஜாக்கெட் காலரின் நெசவுக்குள் 0.5-க்கு 0.25 மில்லிமீட்டர் அளவில் அவருடைய ரத்தக்கறை இருந்தது பல ஆண்டுகள் கழித்து, மறு ஆய்வில்தான் தெரிந்தது. 2012-ல் தண்டனை பெற்ற இருவரில் ஒருவருக்கு எதிராக அது முக்கியச் சான்றாக இருந்தது. எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டதோ பைகளைத்தான்: வேறு துணியின் ரத்தம் இதில் ஒட்டியிருக்கலாமே என்றார்கள்.

அப்புறம், மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகள் முன் எழுதும் பத்திரம். ‘முட்புதரிலிருந்து எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எடுத்து ஆஜர்படுத்தினார்’ என்று வழக்கு தவறாமல் ஒரே வாசகம், கையெழுத்துப் போட விஏஓவும் உதவியாளரும். ரத்தச் சட்டையை ஒரு வாரம் பத்திரப்படுத்தி வைத்தானா என்று நீதிபதி கேட்கத்தான் செய்வார். ஜப்பானில் 1966-ல் நடந்த கொலைகளுக்காக இவாவோ ஹகமடாவுக்கு மரண தண்டனை விதித்தார்கள். முக்கியச் சான்று, ஓராண்டுக்கு மேல் கழித்து மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) தொட்டியில் ‘கிடைத்த’ ஐந்து துணிகள். அவ்வளவு காலம் ஊறியும் கறை சிவப்பாகவே இருந்தது. அவை ஜோடிக்கப்பட்டவை என்று சொல்லி நீதிமன்றம் 2024-ல் அவரை விடுவித்தபோது அவருக்கு வயது 88.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ஸின் 105-வது பிரிவு கைப்பற்றுதலை வீடியோ எடுக்கச் சொல்கிறது. துணியை எடுத்த இடம், பையில் போட்டது, முத்திரை வைத்தது எல்லாம் ஒரே பதிவில் வரட்டும். நிலையத்தில் துணி உலர்த்த இடமில்லை, காகிதப் பை இல்லை என்றால் எஸ்பி அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
நீதிமன்ற வராந்தாவில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்துவரும் ஒருவன்