எங்கள் மேடைக்குப் பேச வரும் சிறப்பு விருந்தினர்களுக்கு

வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த மாதம் எனக்கு இருபது வயது நிறைந்தது. வாழ்த்துகளுக்கெல்லாம் நன்றி சொல்லி முடித்த பிறகு மண்டைக்குள் ஓடியது உங்கள் குரல்தான்: "உங்கள் வயதில் அவர் என்ன செய்துவிட்டார் தெரியுமா?"

தெரியும். அதைத்தான் எல்லா விழாவிலும் கேட்கிறோமே. 2004 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கைத் தொடங்கியபோது மார்க் சக்கர்பெர்க்குக்குப் பத்தொன்பது வயது. விருந்தினர் கணிதப் பிரியர் என்றால் எவரிஸ்த் கலுவா வருவார். சமன்பாடுகளைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிட்டு, துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு 1832-ல் இருபது வயதில் இறந்துபோனவர். ஆனால் அந்தக் கலுவா, தான் சேர ஆசைப்பட்ட கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். தன் இருபதாவது பிறந்தநாளன்று அரசியல் காரணமாகச் சிறையில் இருந்தார். அவருடைய முக்கியமான கட்டுரை 1846-ல்தான் அச்சேறியது. இதையெல்லாம் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. நேரம் போதாது போலிருக்கிறது.

ராமானுஜனையும் சொல்வீர்கள். அவருக்கு இருபது நிறைந்தது 1907 டிசம்பரில். அப்போது கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கணிதத்தைத் தவிர மற்றதில் மனம் ஒட்டாமல் கல்லூரித் தேர்வில் தோற்றிருந்தார். துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது 1912-ல், கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியது 1914-ல். அன்றைக்கு யாராவது அவரை நிறுத்தி "உன் வயதில் கலுவா..." என்று ஆரம்பித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஜான் குட்இனஃப் பெயரை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறீர்கள். லித்தியம் அயனி மின்கலத்துக்கு அடிப்படையான அவருடைய ஆய்வு 1980-ல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. நோபல் பரிசு வந்தது 2019-ல், தொண்ணூற்றேழு வயதில். நீங்கள் பேசும்போது நாங்கள் மேசைக்கு அடியில் தடவிக்கொண்டிருக்கிறோமே, அந்த போனை ஓடவைப்பது அந்த வகை மின்கலம்தான்.

சரி, இருபதில் அப்படி என்னதான் இருக்கிறது? மனிதனுக்குப் பத்து விரல் இருப்பதால் பத்து பத்தாக எண்ணப் பழகினோம், அதனால் அது முழு எண்ணாகத் தெரிகிறது. அவ்வளவுதான். பெரும்பாலான நாடுகளில் சட்டம் பதினெட்டிலேயே எங்களைப் பெரியவர்களாக்கிவிடுகிறது. முன்யோசனைக்கும் திட்டமிடலுக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். வாக்குப் போடலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். எந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்று கேட்டால் மட்டும் வயிறு கலங்கும். என் வகுப்பில் அரியர் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், முதலிடத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பேச்சு முடிந்து வெளியே வரும்போது இருவருமே ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "லேட் ஆயிடுச்சு."

மேதைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பேசினால் முழுக் கதையையும் சொல்லுங்கள். அதைவிட, உங்கள் கதையைச் சொன்னால் இன்னும் நல்லது. இருபதில் நீங்கள் என்ன படித்துக்கொண்டிருந்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், இன்றைய வேலை அன்றைக்கே மனதில் இருந்ததா? அழைப்பிதழில் உங்கள் பெயருக்குக் கீழே அச்சடிக்கும் பதவிகளில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

அப்புறம், பேச்சைப் பாதி நேரத்தில் முடித்துக்கொண்டு மீதியைக் கேள்விகளுக்கு விடுங்கள். முதல் கேள்வியை நானே கேட்கிறேன்.

இப்படிக்கு,
இருபது நிறைந்த ஒரு மாணவி