நம் இசை கேட்போர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டை ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செலுக்கே ஒதுக்கினோம். ஒருவரையே ஆண்டு முழுக்கக் கேட்டால் அலுக்காதா என்று சிலர் கேட்டார்கள். 1659இல் பிறந்து 1695இல் மறைந்த அந்த மனிதர் நாடகத்துக்கும் குரலுக்கும் எழுதியதில் பாதியைக்கூட நாம் தொடவில்லை.

அவருடைய 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஒரு மணி நேர ஓபராதான், அதாவது வசனத்தையும் பாடியே நடத்தும் இசை நாடகம். ஆனாலும் அதற்கு 3 கூட்டங்கள் ஆயின. லண்டன் செல்சியில் ஜோசையஸ் பிரீஸ்ட் நடத்திய பெண்கள் பள்ளியில் 1689 வாக்கில் அது மேடையேறியது. பர்செல் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்த படிதான். முன்னுரைக் காட்சியின் இசையும் போய்விட்டது.

மூன்றாம் கூட்டத்தில் கதைநாயகி டைடோ சாகும் முன் பாடும் கடைசிப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். அடியில் ஓடும் கிரவுண்ட் பேஸ், அரைச் சுர அரைச் சுரமாக இறங்கும் சின்ன மெட்டு. அது மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் அதை மட்டும் எல்லோரும் முணுமுணுத்துப் பழகினோம். அப்புறம் குரலோடு கேட்டபோதுதான், மெட்டு முடிகிற இடத்தில் பாட்டின் வரி முடிவதில்லை என்பது காதில் விழுந்தது. அடியில் இருப்பது நிற்காமல் இறங்குகிறது, அவள் அதன் மேல் மூச்சை நீட்டிக்கொண்டே போகிறாள். கூட்டம் முடிந்தும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஆண்டில் நாம் உருப்படியாகச் செய்தது இதுதான் என்பேன்.

பர்செலின் 'ஃபேரி குவீன்' (1692) விஷயத்தில் தவறு செய்தோம். அது ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைத் தழுவியது. நடிகர்கள் வசனம் பேசுவார்கள், பாட்டுகள் தனிக் காட்சிகளாக நடுவில் வரும். நாம் வசனத்தை விட்டுவிட்டுப் பாட்டுகளை மட்டும் கேட்டதால் அவை கோவையில்லாமல் ஒலித்தன. பொறுப்பு என்னுடையது. அடுத்த முறை காட்சிகளை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கேட்கலாம். அதன் இசைப்பிரதி காணாமல் போய், 1701இல் 20 கினி (அக்கால ஆங்கிலப் பொற்காசு) வெகுமதி அறிவித்தும் கிடைக்காமல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் நூலகத்தில் அகப்பட்டது. இப்படிப் பிழைத்து வந்ததை அரைகுறையாகக் கேட்பது சரியல்ல.

பர்செலின் இன்னொரு மேடைப் படைப்பான 'கிங் ஆர்தர்' ஒரே கூட்டத்தில் முடிந்தது.

நவம்பர் 21, பர்செலின் நினைவு நாளில், லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குப் போனோம். அவரை அங்கே ஆர்கன் அருகே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1679இல் அங்கே ஆர்கன் வாசிக்கும் பதவியை இளையவர் பர்செலுக்காக விட்டுக்கொடுத்த இசையமைப்பாளர் ஜான் புளோ, பர்செல் இறந்ததும் 1695இல் மறுபடி அதே இருக்கைக்கு வர வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நின்றபோது என் மனதில் இருந்தது புளோதான்.

ஆகவே அடுத்த ஆண்டைப் புளோவின் 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' கொண்டு தொடங்க முன்மொழிகிறேன். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்