பிளேட்டுக்குப் பின்னால் நிற்கப்போகும் மகளுக்கு

காட்பாடி

அன்புள்ள கண்ணு,

பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டியில் நீ பிளேட் அம்பயராம் (பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் தலைமை நடுவர்), அப்பா சொன்னார். விதியெல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம், அதை நான் எழுதப்போவதில்லை. பார்ட்னரோடு, அதாவது பேஸ் பக்கம் நிற்கும் மற்ற அம்பயரோடு, கையால் பேசுவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அம்பயர் இரண்டே பேர், பேஸ் (ரன் எடுக்க ஓடும் ரன்னர் தொட வேண்டிய இடம்) நான்கு. ஹோமிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடிக்கு மேல். அங்கே கத்திப் பேச முடியாது.

ஆட்டத்துக்கு முன் அவரோடு பத்து நிமிடம் உட்கார். ஆளுக்கு ஆள் சைகை மாறும். எதற்கு எது என்று முடிவு பண்ணிக்கொள். பேட்டர் மாறும்போதும், அவுட் விழுந்ததும், ரன்னர் இடம் மாறியதும் நீ முதலில் காட்டு. அவர் அதையே திருப்பிக் காட்டணும். காட்டவில்லையா, பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி காட்டு. இரண்டு அவுட்டுக்கு ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும். ஒட்டிய இரு விரல் தூரத்தில் ஒன்றாகத் தெரியும், நம்ம வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

முதல், இரண்டாம் பேஸில் ஆள் இருந்து, அவுட் இரண்டு ஆகவில்லை என்றால் தொப்பி விளிம்பைத் தொடு: இன்ஃபீல்டு ஃப்ளை (இன்ஃபீல்டர் எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து; பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட்) வரலாம். மூன்று பேஸும் நிரம்பியிருந்தாலும் இதேதான். மறந்தால் ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டு இரண்டு அவுட் எடுப்பான்.

ஆள் இரண்டாம் பேஸில், அவுட் இரண்டு: மணிக்கட்டில் இரு விரலால் தட்டு. இதில்தான் சண்டை வரும். மூன்றாவது அவுட் டேக்கில் (பந்தோடு ரன்னரைத் தொடுவது) விழுந்தால், அதற்கு முன் ரன்னர் ஹோமைத் தொட்டானா என்று பார்க்க உன்னைத் தவிர ஆளில்லை. அதனால் ஹோமை விட்டு நகராதே. ஃபோர்ஸ் அவுட் (பின்னால் வருபவனுக்காக அடுத்த பேஸுக்கு ஓடியே தீரவேண்டியவன் அவுட்) என்றாலோ, பேட்டர் முதல் பேஸைத் தொடுமுன் அவுட் என்றாலோ அந்த ரன் கிடையாது.

முதல் பேஸில் மட்டும் ஆள் என்றால் மூன்றாம் பேஸைச் சுட்டு. அடி விழுந்து அவன் இரண்டைத் தாண்டினால் மூன்றில் தீர்ப்பு உன்னுடையது; பார்ட்னர் பேட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நீ போகாவிட்டால் அங்கே ஆளே இருக்காது. போகும்போது “மூணு எனக்கு” என்று குரல் கொடு.

பேஸெல்லாம் காலியாக இருக்கும்போது தூரத்துக் கேட்சைப் பார்க்க பார்ட்னர் வெளியே ஓடினால், பேட்டர் முழுக்க உன் பொறுப்பு. அவர் திரும்பி வருவார் என்று நிற்காதே.

மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (பேட்டர் அவுட்டாக வேண்டிய பந்து) பந்து தரையில் பட்டதா என்பதை, உன் முன்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முதுகு மறைத்துவிடும். பார்ட்னரைப் பார். இடுப்பருகே மூடிய கை என்றால் பிடித்தாயிற்று, விரல் கீழே என்றால் தரை. கூட்டத்துக்குத் தெரியாமல் சின்னதாகச் செய்யச் சொல்.

ஒரே நிகழ்வுக்கு நீ அவுட் என்றும் அவர் சேஃப் என்றும் காட்டிவிட்டால் டைம் சொல்லி ஆட்டத்தை நிறுத்தி நடுவில் போய்ப் பேசு. கோச், ஆட்டக்காரர் யாரும் கிட்ட வரக் கூடாது. யார் நன்றாகப் பார்த்தது என்று கேள். எந்தத் தீர்ப்பு நிற்பது என்பதைத் தலைமை அம்பயராக நீதான் சொல்லணும்.

அம்மா